வாசல்வரை வந்த இணையம் அடுப்படிவரை வரவில்லையே!



"மாசம் பொறந்தா தவறாமக் கட்டுறோம். ஆனா பிள்ளை படிக்கிற அறையில அது சுத்திக்கிட்டேதான் இருக்கு. என்னாதான் கோளாறுன்னு தெரியலைங்க."

இந்தக் குறை இன்றைக்குத் தோட்டத்து வீடுகளிலும் கேட்கிறது. தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு நம்மவர்கள் குடியேறிய தாமான் மலிவு வீடுகளிலும் கேட்கிறது. இணையக் கம்பி வாசலுக்கு வந்துவிட்டது. ஏதோ ஒரு வெள்ளைப் பெட்டியும் முன்னறையில் மினுக்கிக்கொண்டிருக்கிறது. முன்னறையில் உட்கார்ந்தால் படம் தெளிவாக ஓடுகிறது. இரண்டு சுவர் தாண்டிப் பின்னறைக்குப் போனால் ஆசிரியர் வாய் அசைக்கிறார், சத்தம் வரவில்லை. சத்தம் வரும்போது முகம் நின்றுவிடுகிறது.

உடனே என்ன நடக்கிறது? வீடு வீடாக வரும் விற்பனைக்காரத் தம்பி, "அங்கிள், உங்க பேக்கேஜ் சின்னது, பெருசா மாத்திடுங்க" என்கிறார். நாமும் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். மாதம் 30 வெள்ளி கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மாத ஒப்பந்தத்துக்கு 720 வெள்ளி! இவ்வளவு கொடுத்த பிறகும் பின்னறையில் அது சுற்றுவது நிற்பதில்லை. ஏன் நிற்கப்போகிறது? கோளாறு வாசலுக்கு வெளியே இருந்தால்தானே பெரிய பேக்கேஜ் அதைத் தீர்க்கும்? நம் வீட்டுக்குள்ளே இருக்கும் கோளாறுக்கு வெளியே மருந்து தேடுகிறோம்.

இது பணக்காரர் வீட்டுப் பேச்சு, நமக்கெதற்கு என்று யாரும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, யாருடைய பிள்ளைகள் பாடத்தைத் தவறவிட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த ஆண்டு சபாவில் ஒரு மாணவி, தொடர்பு கிடைப்பதற்காக மரத்தின்மேல் ஏறி இருந்து தேர்வு எழுதினார் என்பதை நாடே பார்த்தது. அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் அப்போது இணையத்துக்குள் போன காரியங்கள் திரும்பி வந்துவிடவில்லை. எஸ்பிஎம் முடித்த பிள்ளை அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்வது இணையத்தில். சேமநிதிக் கணக்கைப் பார்ப்பதும் இணையத்தில். அரசாங்க உதவித் தொகைக்குப் பதிவதும் அதிலேதான். கிராணியிடம் போய்க் காகிதம் எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சிய காலம் மலையேறிவிட்டது.

ஆகவே இதை நாமே புரிந்துகொள்வது நல்லது. புரியாத காரியமும் இல்லை.

பழைய லயத்துப் பொதுக்குழாய் உங்களுக்கு நினைவிருக்கும். வரிசை வீட்டுக்காரர் அத்தனை பேருக்கும் ஒரே குழாய். காலையில் வேலைக்காட்டுக்குப் போகும் அவசரத்தில் வாளி, குடம், டின் என்று வரிசை நிற்கும். ஒருவர் பிடித்து முடித்தால்தான் அடுத்தவர். வைஃபை என்பது அந்தப் பொதுக்குழாய்தான். வீட்டில் ஐந்து கைப்பேசி, ஒரு தொலைக்காட்சி, ஒரு மடிக்கணினி இருந்தால், அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும். மற்றவை காத்து நிற்க வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் முறை மாறி மாறி வருவதால் நமக்கு அந்த வரிசை தெரிவதில்லை, அவ்வளவுதான். அதோடு, வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியும் அதே அலைவரிசையில் இருந்தால், அவர்களும் நம் குழாயடியில் வந்து நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. குழாயடியில் அகல வாய் வாளி சட்டென்று நிறைந்துவிடும். குறுகின வாய்ப் போத்தலில் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பவரால்தான் வரிசையே தேங்கும். அதுபோல, பின்னறை மூலையில் தொடர்பு மங்கிப்போய்க் கிடக்கும் ஒரு பழைய கைப்பேசி, மெதுவாகப் பேசிப் பேசி நேரத்தை விழுங்கிக்கொள்ளும். பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் அதனால் வேகம் குறையும். "நான் பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன், எனக்கு ஏன் நிக்குது?" என்று கேட்பவருக்குப் பதில் இதுதான்.

ஒயர் போட்டால்? அது தனிக் குழாய். அந்தக் கணினிக்கும் பெட்டிக்கும் நடுவே வேறு யாரும் நிற்பதில்லை. அதைவிடப் பெரிய லாபம், ஒயருக்கு மாறிய ஒவ்வொரு சாமானும் பொதுக்குழாயடி வரிசையிலிருந்து ஒரு ஆளைக் குறைக்கிறது. கைப்பேசிகளுக்கும் வழி கிடைக்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான்: நகராமல் ஒரே இடத்தில் இருப்பவை எல்லாம் ஒயரில் இருக்க வேண்டும், கையில் எடுத்துக்கொண்டு திரிபவை மட்டும் வைஃபையில் இருக்கட்டும். தொலைக்காட்சி பெரும்பாலும் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெட்டி வாங்கும்போது கூடவே வரும் குட்டை ஒயர் அதற்குப் போதும். அதைப் பிரிக்காமலேயே அலமாரியில் போட்டு வைத்திருக்கிறோம். ஆனால் காசு கொடுத்து வாங்கும் முதல் நீள ஒயர் படிக்கிற பிள்ளையின் மேசைக்குத்தான் போக வேண்டும். நம் வீடுகளில் வழக்கம் எப்படி? அப்பா படம் பார்க்க நல்ல இடம், அண்ணன் விளையாட நல்ல இடம், பெண்பிள்ளை மட்டும் அடுப்படிக்குப் பக்கத்து மூலையில் புத்தகத்தை விரிக்கும். அடுப்படிதான் பெட்டிக்கு வெகுதூரம். அதுவும் பின்பக்கம் தகரம் அடித்துக் கூட்டி எடுத்த அடுப்படி என்றால் அலை உள்ளே நுழையவே நுழையாது. யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது கம்பிச் சமாச்சாரம் இல்லைதான். ஆனால் ஒயர் இழுக்கும் நாளில் இதையும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். வேகம் பார்க்கும் செயலிகள் கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு மடிக்கணினியை இரவல் வாங்கியாவது பெட்டியோடு ஒயரில் இணைத்து வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒயரை எடுத்துவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். கடைசியாகப் பின்னறையில் பாருங்கள். ஒயரில் நன்றாக வந்து பின்னறையில் விழுந்துவிட்டால், குற்றம் கம்பெனியுடையது இல்லை, பேக்கேஜை மாற்றாதீர்கள். ஒயரிலேயே கட்டிய பணத்துக்கு உண்டான வேகம் வரவில்லை என்றால், அப்போது விடக்கூடாது. தேதி, நேரம், எண்ணிக்கை எழுதி வைத்துக்கொண்டு கம்பெனியில் புகார் செய்யுங்கள். அங்கே காது கொடுக்காவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இருக்கிறது, அங்கே போகலாம்.

கணக்கில் ஒரு சின்னச் சூட்சுமம். 100 என்று விளம்பரத்தில் போடுவது மெகாபிட். கணினியில் கோப்பு இறங்கும்போது காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். எனவே 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்தான். "நூறுன்னு சொல்லிட்டுப் பன்னெண்டு குடுக்கிறான்" என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு பிள்ளை இணைய வகுப்பில் உட்கார 4 மெகாபிட் போதும். மிகத் தெளிவான படம் ஓடும் தொலைக்காட்சிக்குக்கூட 25க்குள் அடங்கிவிடும். கூட்டிப் பாருங்கள். சாதாரணக் குடும்பத்துக்கு 100 தாராளம். நமக்கு வேண்டியது அறுபடாத ஓட்டம்.

அடுத்து பெட்டி வைக்கும் இடம். பொருத்த வருகிறவர் கண்ணாடி இழைக் கம்பியைக் கதவுக்குப் பக்கத்திலேயே முடித்துவிட்டுப் போகப் பார்ப்பார். அவருக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு இருக்கும், பாவம். ஆனால் "தம்பி, வீட்டு நடுவுல வைங்க" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்; பிறகு மாற்றுவது சிரமம். தரையில் வைக்காதீர்கள். இரும்பு அலமாரிக்குள்ளே, தொலைக்காட்சிக்குப் பின்னாலே, மீன் தொட்டிக்குப் பக்கத்திலே வைக்காதீர்கள். இரும்பு அலையைத் தடுக்கும், தண்ணீர் அலையைக் குடிக்கும். அழகுக்காகப் பெட்டியின்மேல் துணி போர்த்தி, அதன்மேல் பூச்சாடி வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. அலை போகிறதோ இல்லையோ, பெட்டி சூடாகிச் சீக்கிரம் கெட்டுப்போகும்.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் நெரிசல் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில்தான் தொல்லை கொடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், சுவரில் சீக்கிரம் தளர்ந்துவிடும். பெட்டி இருக்கும் அறையில் 5, தூரத்து அறையில் 2.4 என்று வைத்துக்கொள்வது உத்தமம். 2.4இல் 1, 6, 11 ஆகிய மூன்று வரிசை எண்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. பக்கத்து வீட்டுக்காரரோடு பேசி அவர் 1, நீங்கள் 6, அந்தப் பக்கத்து அக்கா வீட்டில் 11 என்று பிரித்துக்கொண்டால் மூவருக்கும் நன்மை. வேலிச் சண்டை மாதிரி இல்லை இது, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இனி ஒயருக்கு வருவோம். கடையில் கேட் 5இ, கேட் 6 என்று கேளுங்கள். கேட் 5இ ஒயரே 100 மீட்டர் தூரம்வரை 1 கிகாபிட், அதாவது 1,000 மெகாபிட் வேகத்தைத் தாங்கும். புதிதாக வாங்குவதானால் கேட் 6 வாங்கிவிடலாம். கேட் 7, கேட் 8 என்று கடைக்காரர் ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தலைகள் பொருத்தியே விற்கும் 20 மீட்டர் கேட் 6 ஒயர் ஒரு நாள் சம்பளத்துக்குள் அடங்கும். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியாக்கப்பட்டபோது, வாரம் ஆறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு என்று கணக்கிட்டார்கள். அதை வைத்துச் சொல்கிறேன். மேலே சொன்ன 720 வெள்ளியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மலிவு ஒயரில் ஓர் ஏமாற்று உண்டு. மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்துவிடும். அது சுலபமாக முறியும், தூரம் போனால் சோர்ந்துவிடும். முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள்.

தலையை நாமே பொருத்துவதானால், உள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடியாக முறுக்கியிருக்கும். வழக்கமான வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் ஒரே வரிசை. முறுக்கை அரை அங்குலத்துக்குமேல் பிரிக்கக்கூடாது. அந்த முறுக்குதான் வெளித்தொல்லை உள்ளே வராமல் காக்கிறது. எட்டில் ஒன்று சரியாக உட்காராவிட்டால்கூட இணைப்பு பெரும்பாலும் உயிரோடு இருக்கும், ஆனால் 1,000க்குப் பதில் 100க்கு இறங்கிவிடும். ஏனென்றால் 100க்கு நான்கு கம்பி போதும், 1,000க்கு எட்டும் வேண்டும். வேகம் சரியாக 100க்குக் கொஞ்சம் கீழே தட்டி நின்றால் முதலில் தலையைச் சந்தேகியுங்கள்.

பெட்டியில் ஓட்டை போதவில்லை என்றால் ஐந்து ஓட்டை கிகாபிட் சுவிட்ச் ஒன்று வாங்கலாம். அதுவும் ஒரு நாள் சம்பளத்தை ஒட்டித்தான் வரும். 'கிகாபிட்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 100 மட்டும் தாங்கும் பழைய சரக்கு இன்னும் விற்கிறார்கள்.

பின்னறையில் கைப்பேசிக்கும் வைஃபை வேண்டுமே என்பீர்கள். சுவர்ப் பிளக்கில் செருகும் ரிப்பீட்டர் வாங்கியவர்கள் பலர். அது கேட்டதைத் திரும்பச் சொல்லும் ஆள். ஒரே அலையில் கேட்டுவிட்டுத் திரும்பவும் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகிவிடும். அதைவிட, பழைய ரௌட்டர் ஒன்று வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால் அதைத் தட்டி எழுப்புங்கள். முன்னறைப் பெட்டியிலிருந்து ஒயர் இழுத்துப் பின்னறையில் அதில் செருகுங்கள். ஒரு காரியம் மட்டும் மறக்கக்கூடாது. பெரட்டுக் களத்தில் பேர் பதிகிற கிராணி ஒருவர்தான் இருக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் குழப்பம். சாமான்களுக்கு எண் கொடுக்கும் கிராணி வேலையை முன்னறைப் பெட்டி செய்கிறது. பழைய ரௌட்டரில் டிஎச்சிபி என்ற அந்த வேலையை அணைத்துவிட்டு, அதன் முகவரியை முதல் பெட்டியின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, ஒயரை 'வான்' ஓட்டையில் செருகாமல் 'லான்' ஓட்டையில் செருக வேண்டும். புதுசு சிலவற்றில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்று ஒரு பொத்தானே இருக்கும், வேலை மிச்சம். பெயரும் கடவுச்சொல்லும் முன்னறைப் பெட்டியில் உள்ளதே இருக்கட்டும், வரிசை எண் மட்டும் வேறாக இருக்கட்டும். கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும்.

"இதையெல்லாம் யாருங்க செய்வா? எனக்கு விடிஞ்சா பால்வெட்டு" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பையன்கள் எத்தனை பேர் தொழிற்பயிற்சிக் கூடத்தில் மின்சார வேலை படித்துவிட்டு வந்திருக்கிறார்கள்! தலை பொருத்தும் இடுக்கி ஒன்றும் ஒயர் சோதிக்கும் சின்னக் கருவி ஒன்றும் ஆலய இளைஞர்கள் பொதுவில் வாங்கி வைத்துக்கொண்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வரிசை முழுவதும் முடிந்துவிடும். கோத்தோங் ரோயோங் செய்து சாக்கடை வெட்டுகிறோம், திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறோம். இதற்கென்ன?

ஆனால் தம்பிமார்களுக்கு ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, வெளியே வெட்ட வெளியில் செம்பு ஒயர் இழுக்காதீர்கள். பாட்டி வீட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம் என்ற ஆசை வரும். நம் நாட்டு இடி மின்னல் எப்படிப்பட்டது என்று வேலைக்காட்டில் நிற்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னல்கூட அந்த ஒயர் வழியே ஏறி இரண்டு வீட்டுச் சாமானையும் பொசுக்கிவிடும். ஒயரில் கை வைத்திருக்கும் ஆளுக்கும் ஆபத்து. வீடு தாண்டிப் போக வேண்டுமானால் கண்ணாடி இழை, அல்லது கம்பியில்லா வழி. வீட்டுக்குள்ளேயும் மழை இருட்டிக்கொண்டு வரும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது. இடி இடிக்க ஆரம்பித்த பிறகு பிடுங்கப் போகாதீர்கள்.

கண்ணாடி இழை இன்னும் எட்டாத உள்தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே சிம் அட்டை போடும் ரௌட்டர்தான் கதி. கோபுரம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சன்னலில் உயரமாக வையுங்கள். மழையில் நனைந்த செம்பனை மட்டைகள் அலையை நன்றாகவே விழுங்கும். அடர்த்தி குறைந்த பக்கம் பார்த்து வைப்பது பலன் தரும். அந்தப் பெட்டியிலும் ஒயர் ஓட்டை உண்டு. சன்னலில் பெட்டி, மேசைக்கு ஒயர், அதே முறைதான்.

கடவுச்சொல் விஷயத்தில் நம்மவர்கள் தாராள மனசுக்காரர்கள். தெருவுக்கே சொல்லிவிடுகிறார்கள். டபிள்யுபிஏ2 அல்லது டபிள்யுபிஏ3 பூட்டு இருக்கிறதா பாருங்கள். பெட்டியின் அடியில் ஒட்டி வரும் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். குழாயடி வரிசையை நாமே ஏன் நீட்ட வேண்டும்?

இவ்வளவும் நாம் செய்துகொள்ள வேண்டியது. தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், 446ஆம் சட்டம், தோட்ட வீட்டுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கொடுக்க வேண்டும் என்கிறது. 2019இல் அது திருத்தப்பட்டு 2020 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. இணையம் அந்தச் சட்டத்தில் இல்லை. ஒரு காலத்தில் இரவில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டியே போதும் என்றார்கள். கேட்டுக் கேட்டுத்தான் நாள் முழுக்க மின்சாரம் வந்தது. சட்டத்தில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீடு பழுது பார்க்கும்போது, புது வீடு கட்டும்போது, தொழிற்சங்கத் தோட்டக் கமிட்டி துரையிடம் கேட்கலாம்: முன்னறையிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் சுவருக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் பதித்துக் கொடுங்கள் என்று. சுவர் பூசுவதற்கு முன் பதித்தால் செலவு சொற்பம். பூசின பிறகு உடைக்க வேண்டும்.

கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். கரண்டுக் குழாயிலேயே இதையும் நுழைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கூடாது, இதற்குத் தனிக் குழாய் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும், குறுக்கே தாண்ட வேண்டிய இடத்தில் நேர்குறுக்காகத் தாண்டட்டும். வளைவுகளைக் கூர்மையாக மடக்காமல் வளைத்துவிடச் சொல்லுங்கள். வேலை முடியும் முன், குழாய்க்குள் ஒரு நைலான் கயிறு விட்டுவைக்கச் சொல்லுங்கள். பின்னால் ஒயர் இழுக்க அந்தக் கயிறுதான் வேண்டும்.